கணுக்கால் முறிவுக்குப் பிறகு கோல்ஃப்: ஸ்விங்குக்கு முன்னால் நடை

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 54. வலது கை ஆட்டக்காரர். சென்ற ஆகஸ்டில் ஊட்டி மைதானத்தில் ஈரச் சரிவில் வழுக்கி, இடது கணுக்காலில் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டு எலும்பும் முறிந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, இனி எல்லாம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் இடம்) போய் டிரைவரால் (அதிக தூரம் அடிக்கும் கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) இருபது பந்து அடித்ததும் வெளிக் கணுவில் வலி, ஃபாலோ-த்ரூவில் (பந்தை அடித்த பின் கிளப் தொடர்ந்து சுழலும்போது) கால் விட்டுவிடும் போல ஓர் உணர்வு, மறுநாள் காலையில் வீக்கம். பத்து வருடமாகச் சர்க்கரை. மே மாதம் நண்பர்களோடு ஊட்டியில் 18 ஹோல், அதாவது ஒரு முழு ஆட்டம், ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: எலும்பு கூடிவிட்டதென்றால் காலை நம்பி ஏன் ஊன்ற முடியவில்லை?

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிவுக்குப் பிறகான பயிற்சிதான் பல வருடமாக என் வேலை. கோல்ஃப் ஆடுகிறவர்களும், அவர்களுக்குப் பை சுமக்கும் கேடிகளும் வந்துகொண்டே இருந்ததால் இந்த ஆட்டம் காலை என்ன செய்கிறது என்பதைக் கவனித்துப் பழகியிருக்கிறேன். ஆனால் உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. மூட்டின் உள்ளே குருத்தெலும்பு எவ்வளவு அடிபட்டது, இரண்டு கீழ்க்கால் எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் லிகமென்ட் அறுந்ததா, இவையெல்லாம் உங்கள் அறுவை சிகிச்சை நிபுணருக்குத்தான் தெரியும். ஆகவே நான் சொல்வதை அவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். எக்ஸ்ரே எலும்பை மட்டும்தான் காட்டும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, கெண்டைக்கால் சதை எவ்வளவு வற்றியிருக்கிறது, தரை சாயும்போது கால் அதை எவ்வளவு சீக்கிரம் உணர்ந்து திருத்திக்கொள்கிறது என்பதெல்லாம் அதில் வராது. உங்களுடையது போன்ற முறிவில் எலும்பு எடை தாங்கும் அளவுக்குக் கூட பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் ஆகும். சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதமாகலாம். ஆனால் சாயங்காலமானால் கால் வீங்குவது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். சதையின் பலமும் சமநிலையும் முழுதாகத் திரும்பவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடிக்கும். ஐந்தாம் மாதத்தில் நீங்கள் பாதி வழியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். டாக்டர் சொன்னதும் தப்பில்லை. எலும்பைப் பொறுத்தவரை தடையில்லை என்பதே அவர் சொன்னதன் பொருள்.

இனி கோல்ஃபில் இடது கால் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வலது கை ஆட்டக்காரருக்கு இடது கால்தான் முன்கால். கிளப் கீழே வரும்போது உடல் எடை அதன்மேல் பாய்கிறது. டிரைவரால் வேகமாக அடித்தால் அந்தக் கணத்தில் இடது பாதம் தரையை அழுத்தும் விசை உடல் எடையையே தாண்டிவிடும். அதே நேரத்தில் இடுப்பு இலக்குப் பக்கம் திரும்புகிறது. பாதம் தரையில் பிடித்து நிற்க, மேலே எல்லாம் சுழல, பாதம் வெளி விளிம்புக்கு உருளுகிறது. கணுக்கால் பிசகும்போது பாதம் எந்தப் பக்கம் மடங்குமோ அதே பக்கம்தான் இது. வெளிக் கணுவில் உங்களுக்கு வலி வந்ததும், ஃபாலோ-த்ரூவில் கால் விட்டுவிடும் போலத் தோன்றியதும் இதனால்தான் இருக்கும். முறிந்தது வலது காலாக இருந்திருந்தால் கதை வேறு. அடித்து முடிக்கும்போது குதிகாலைத் தூக்கி விரல்மேல் நிற்பதில்தான் சிரமம் வந்திருக்கும்.

ஆனாலும் கணுக்காலுக்குப் பெரிய சோதனை ஸ்விங் (கிளப்பை வீசி அடிப்பது) அல்ல, நடைதான். இதை ஆட்டக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 18 ஹோல் நடந்து ஆடினால் 8 முதல் 10 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்கும் மேல். சாலையில் நடப்பது போல அல்ல. சரிவு, குழி, வேர், ஈரப் புல், மணல் என்று ஒவ்வொரு அடியும் ஒரு மாதிரி. ஸ்விங் ஒரு நொடி வேலை, அதைக் குறைத்து அடிக்கலாம், மாற்றி அடிக்கலாம். மைதானத்தின் மேடு பள்ளத்தை நாம் மாற்ற முடியாது. டைகர் வுட்ஸ் 2021 பிப்ரவரியில் கார் விபத்தில் வலது கீழ்க்காலையும் கணுக்காலையும் நொறுக்கிக்கொண்டு, 2022 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டிக்குத் திரும்பியபோது அவரே சொன்னது இதுதான்: பந்தை அடிப்பதில் கவலையில்லை, நடப்பதுதான் கஷ்டம். அந்தப் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானம் தொலைக்காட்சியில் தெரிவதைவிட மேடு பள்ளம் அதிகமான இடம். அந்த நான்கு நாளையும் நடந்து முடித்து 47-ஆம் இடத்தில் வந்தார். பந்து அடிக்கத் தெரியாமல் அல்ல, கால் களைத்து.

அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் கதை இன்னும் பழையது. 1949 பிப்ரவரியில் எதிரே வந்த பேருந்து அவர் காரில் மோதி இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் எல்லாம் முறிந்தன. 1950 ஜூனில் மெரியனில் நடந்த யு.எஸ். ஓப்பனில் கடைசி நாள் ஒரே நாளில் 36 ஹோல் நடக்க வேண்டியிருந்தது. கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்து, அடுத்த நாள் பிளே-ஆஃப் (சமநிலையை முறிக்கும் ஆட்டம்) ஆடி ஜெயித்தார். அங்கும் ஊரெல்லாம் பேசியது அவர் ஸ்விங்கைப் பற்றி அல்ல, கால்கள் தாங்குமா என்பதைப் பற்றித்தான்.

ரேஞ்சில் நடந்ததை இப்போது புரிந்துகொள்ளலாம். ரப்பர் பாயின் கீழே பெரும்பாலும் சிமெண்ட் தளம்தான். பாய் ஷூவைப் பிடித்துக்கொள்ளும், புல்லில் போலப் பாதம் கொஞ்சம் திரும்பி விலகாது. அந்தத் திருகல் முழுக்கக் கணுக்காலுக்குப் போகும். அதோடு, மைதானத்தில் ஒரு டிரைவுக்கும் அடுத்த டிரைவுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும்; ரேஞ்சில் அரை நிமிடத்தில் அடுத்த பந்து. ஒரு முழு ஆட்டத்திலேயே டிரைவர் எடுப்பது அதிகபட்சம் 14 முறை இருக்கும். நீங்கள் ஒரு ஆட்டத்துக்கு மேலான டிரைவை ஒரே மூச்சில், அதுவும் முதல் நாளே அடித்திருக்கிறீர்கள். வீக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை. அதனால் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வடிந்திருந்தால் அது சுமை அதிகமானதன் அடையாளம்தான். வடியாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது சர்க்கரை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லாக வந்து போனது, ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். மற்றவர்களிடம் "வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடருங்கள்" என்று சொல்வேன். நல்ல விதிதான். ஆனால் பத்து வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால் வலி என்ற அளவுகோலே பொய்யாகிவிடும். ஆகவே முதல் வேலையாகப் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள், ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி குறைவு என்றால் வலியை நம்பாமல் வீக்கத்தையும் சூட்டையும் நம்ப வேண்டும். ஆடிய மறுநாள் காலை இரண்டு கணுக்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அடிபட்ட கால் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக, சிவந்து, வீங்கி, ஆனால் பெரிதாக வலிக்காமல் இருந்தால், அது சார்கோ பாதம் எனும் சிக்கலின் தொடக்கமாக இருக்கலாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கி வடிவம் மாறிப்போகும் நிலை அது. அன்றே எடை ஊன்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், மறுவாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. வெள்ளைச் சாக்ஸ் போடுங்கள், ரத்தமோ நீரோ கசிந்தால் கண்ணில் படும். ஷூவைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மைதானத்தில் சிறு கல் உள்ளே விழுவது சாதாரணம்.

சரி, கால் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாதக் கணக்கைவிட நல்ல காலோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். கட்டை விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, எவ்வளவு தூரம்வரை தொட முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரு காலுக்கும் வித்தியாசம் 2 செ.மீ.-க்குள் வந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் மேட்டில் ஏறும்போதும் படியிறங்கும்போதும் கால் இடறும். பிறகு சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலால் எத்தனை முடிகிறதோ அதில் பத்துக்கு ஒன்பதாவது முடிய வேண்டும். முறிவுக்குப் பிறகு வருகிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் திணறுகிறார்கள், கெண்டைக்கால் வற்றியிருப்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது. மூன்றாவது, ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. அது முடிந்தால் மடித்த போர்வைமேல் நில்லுங்கள். அதுவும் முடிந்தால் போர்வைமேல் நின்றபடியே தலையை இடமும் வலமும் திருப்புங்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வெளிக் கணு தரையில் அழுந்தி வலிக்கும். அது பிளேட் உறுத்துவது, கோல்ஃபோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திரும்பிப் போகும் வரிசையிலும் நடைதான் முதலில். சமதளச் சாலையில் ஒரு மணி நேரம் நொண்டாமல், மறுநாள் வீங்காமல் நடக்க முடியும்வரை கிளப்பைத் தொட வேண்டாம். அதன் பிறகு மைதானத்தில் கிளப் இல்லாமல் நடங்கள். சென்னையில் இருப்பதாகச் சொன்னீர்கள். நந்தனம் காஸ்மோ போன்ற சமதள மைதானம் இதற்கு ஏற்றது. காலையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, மைதான நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, முதலில் ஃபேர்வேயிலேயே (புல்லைக் கத்தரித்த நடுப்பாதை) நான்கைந்து ஹோல், பிறகு ஒன்பது, பிறகு ரஃப் (நீளப் புல் வளர்ந்த பகுதி) ஓரமாகவும். இந்த நடை நடக்கும் வாரங்களிலேயே புட்டிங்கும் (பந்தைக் குழிக்கு உருட்டுவது) கிரீன் (குழி இருக்கும் மழுமழுப்பான புல்தரை) ஓரச் சிப்பிங்கும் (பந்தைச் சிறிது தூரம் தூக்கி அடிப்பது) செய்யலாம், அவற்றில் கணுக்காலுக்குச் சுமை அதிகமில்லை. ஒரே இடத்தில் குனிந்து நெடுநேரம் நிற்பதால் வீக்கம் வரலாம், நடுநடுவே உட்காருங்கள். அடுத்து வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கான கிளப்) அரை ஸ்விங், அப்புறம் 9, 8 அயர்ன் (எண் குறையக் குறையத் தூரம் கூடும் கிளப்கள்) முக்கால் ஸ்விங், அப்புறம் நடுத்தர அயர்ன். புல்லில் அடிக்க முடிந்தால் புல்லில். ஒரு நாளைக்கு முப்பது பந்து போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். டிரைவர் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது இருங்கள். மறுநாள் வீக்கமோ சூடோ இருந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் ஓரிரு முறை நடக்கும்.

நிற்பதிலும் சில மாற்றங்கள் செய்யலாம். இடது பாதத்தை இலக்குப் பக்கமாக 30 டிகிரி அளவு திருப்பி வையுங்கள். இடுப்பு திரும்ப முன்கூட்டியே வழி கிடைப்பதால் கணுக்காலில் திருகல் குறைகிறது. கால்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள். பந்தை அடித்த பிறகு இடது பாதம் தானாகத் திரும்பினால் தடுக்காதீர்கள். வலது காலை எடுத்து இலக்கை நோக்கி ஓர் அடி வைத்து நடந்துவிடுவது இன்னும் நல்லது. தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயர் இப்படி அடித்துக்கொண்டே நடந்துபோவது உலகம் அறிந்தது, அதனால் பார்க்க நன்றாக இருக்காதே என்ற கவலை வேண்டாம். தூரம் குறையும். 8 அயர்ன் எடுக்கும் இடத்தில் 7 எடுங்கள். பயிற்சியாளர் இருந்தால் அவரிடமும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திருத்தப் பார்ப்பார்.

சரிவுகளில் உங்களுக்கு ஆபத்தானது இடது கால் தாழ்ந்து வலது கால் உயர்ந்து நிற்கும் இறக்கம். அங்கே பாதத்தின் வெளி விளிம்பு ஏற்கெனவே கீழே சாய்ந்திருக்கும், அடித்து முடிக்கும்போது எடையும் அதே பக்கம் உருளும். இடது கால் உயர்ந்த ஏற்றத்தில் அந்தத் தொல்லை குறைவு. பங்கரில் (மணல் பள்ளத்தில்) பந்தை அடிப்பதைவிட, கால்களை மணலில் திருகிப் புதைப்பதும் செங்குத்தான ஓரத்தில் ஏறி வருவதும்தான் சிக்கல். முதல் சில மாதம் நண்பர்களிடம் சொல்லிவிட்டு இறக்கத்திலும் பங்கரிலும் பந்தை எடுத்துச் சமதளத்தில் வைத்து ஆடுங்கள். ஸ்கோர் கார்டு முக்கியமென்றாலும் விதியில் வழி இருக்கிறது. ஆட முடியாத பந்து என்று அறிவித்தால் ஒரு அபராத அடியோடு நகர்த்தலாம். பங்கருக்கு வெளியே கொண்டுவர மொத்தம் இரண்டு அபராத அடி, இது 2019-இல் வந்த விதி. கணுக்காலைக் காப்பாற்ற இரண்டு அபராத அடி கொடுப்பதில் நஷ்டமில்லை.

இப்போது தெளிவில்லாத விஷயங்கள். கணுக்கால் உறை போடலாமா என்று கேட்பீர்கள். சுளுக்கு வந்தவர்களுக்குக் கயிறு கட்டும் உறையோ இருபுறமும் கெட்டியான உறையோ மறுபடி பிசகுவதைக் குறைக்கிறது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. ஆனால் எலும்பு முறிவுக்குப் பின் அதே பலன் உண்டா என்பதில் ஆதாரம் மெலிது. சீரற்ற தரையில் முதல் சில மாதம் போட்டுக்கொள்ளச் சொல்வது என் வழக்கம், உங்களுக்கு மட்டும் தோல் உரசுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒட்டும் டேப் நம் ஊர் வியர்வையில் சீக்கிரமே தளர்ந்துவிடும், சர்க்கரைக்காரர் தோலுக்கும் நல்லதல்ல. ஷூவில், முள் உள்ளது பாதத்தை இறுக்கிப் பிடிக்கும், முள் இல்லாதது திரும்ப விடும். உலர்ந்த புல்லில் முள் இல்லாததையும், ஈரத்தில் முள் உள்ளதையும் நான் சொல்வேன். இது அனுபவத்தில் சொல்வது, ஆய்வு முடிவு அல்ல. உறுத்தும் பிளேட்டை எடுத்துவிடலாமா என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எடுத்தால் எல்லா வலியும் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது, சர்க்கரை இருக்கும்போது இன்னொரு அறுவை சிகிச்சைக்கு அவசரப்படவும் கூடாது.

பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வருமா என்பதும் அப்படித்தான். இப்படிப்பட்ட முறிவுக்குப் பிறகு அந்த வாய்ப்பு அதிகம் என்பது நிச்சயம். யாருக்கு வரும், எப்போது வரும் என்பதை அடிபட்ட அன்று குருத்தெலும்புக்கு நேர்ந்த சேதம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கோல்ஃப் அதை வேகப்படுத்தும் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை. வுட்ஸுக்கு வந்தது, 2023 ஏப்ரலில் கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டை இணைத்துவிடும் அறுவை சிகிச்சை வரை போனது. அதன் பிறகும் அந்த டிசம்பரில் ஆடத் திரும்பினார்.

பெரிய ஆட்டக்காரர்களின் நாள் கணக்கை உங்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ரோரி மெக்கில்ராய் 2015 ஜூலையில் கால்பந்து ஆடி இடது கணுக்கால் லிகமென்ட் அறுந்து, அடுத்த மாதமே பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஆடினார். டோனி ஃபினாவ் 2018-இல் மாஸ்டர்ஸுக்கு முந்தைய நாள் கணுக்கால் நழுவி, கையால் தள்ளிச் சரிசெய்துவிட்டு மறுநாள் 68 அடியில் ஆட்டத்தை முடித்தார். இருவருக்கும் இருபது வயதுகள், எலும்பில் பிளேட் இல்லை, கூடவே மருத்துவக் குழு.

நான் பார்த்த கேடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு, பதினான்கு கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே சரிவில் நடப்பவர்கள். கணுக்கால் பிசகினால் சம்பளமில்லாத விடுப்புக்குப் பயந்து மூன்றாம் நாளே வேலைக்கு வந்து, சுளுக்கை நிரந்தரத் தளர்ச்சியாக்கிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. நீங்கள் மறுபடி ஆடப் போகும்போது பையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டால் உங்கள் கேடிக்கும் நல்லது, சரிவில் உங்களுக்குக் கை கொடுக்க அவருக்கும் கை காலியாக இருக்கும்.

மே மாதம் ஊட்டிக்கு வருவோம். என் மதிப்பீடு: 18 ஹோல் நடந்து ஆடுவது இந்த மேயில் வேண்டாம். ஏப்ரல் கடைசிக்குள் சமதளத்தில் ஒன்பது ஹோல் நடந்து ஆடி, மறுநாள் கால் வீங்காமல் இருந்தால், ஊட்டியில் ஒன்பது ஹோல் ஆடலாம். கார்ட் (மைதானத்துக்குள் ஓடும் சிறு வண்டி) கிடைத்தால் எடுங்கள், முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள். மழை பெய்த மறுநாள் ஆட வேண்டாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அங்கே சரிவெல்லாம் ஈரம்தான், நீங்கள் விழுந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆகவே மே தவறினால் அவசரப்படாமல் அடுத்த ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். அதற்குள் ஒன்றரை வருடம் ஆகியிருக்கும், 18 ஹோலுக்கு அது நல்ல சமயம்.

இடையில் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தாலோ, அறுவை சிகிச்சைத் தழும்பு சிவந்து நீர் கசிந்தாலோ, காலில் எரிச்சலோடு நிறம் மாறினாலோ கோல்ஃப் பேச்சை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, சுவர்ச் சோதனையில் இரு காலுக்கும் எத்தனை செ.மீ., ஒற்றைக் காலில் குதிகால் எத்தனை முறை எழும்புகிறது, பாத உணர்ச்சிப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். எந்தப் படியில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.